போனில் உதடு தெரியாது

என் காதில் கோளாறு இருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, டெலிபோன்.

சிங்காநல்லூருக்குக் கிழக்கே எங்களுக்குத் தறிக்குடோன் இருந்தது. விசைத்தறி ஓடும் கொட்டகையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். நானும் தம்பி துரைசாமியும் சேர்ந்து போட்டது. ஒருநாள் நூல் வியாபாரி ஒருவர் ஆபீஸ் ரூமுக்குப் போன் செய்தார். ரிசீவரைக் காதில் வைத்தேன். யாரோ தலையணைக்குள் வாயை வைத்துப் பேசுவது மாதிரி இருந்தது. லைன் சரியில்லை என்று தம்பியிடம் கொடுத்தேன். அவன் அதே லைனில் சிரித்துச் சிரித்துப் பேசினான்.

அன்றிலிருந்து எனக்கு லைன் சரியாகவே அமையவில்லை. மழை வந்தால் மழையைச் சொன்னேன், வெயில் அடித்தால் வயரைச் சொன்னேன். காதைச் சொல்லத் தோன்றவில்லை.

இதை எழுதுவது, காதில் மெஷினை மாட்டிக்கொண்டு செல்போன் வாங்கக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்களுக்காக. இந்த ஊருக்குச் செல்போன் வந்தே கொஞ்ச காலம்தான் ஆகிறது. எந்த போன் காது மெஷினோடு ஒத்துப்போகும் என்று கேட்டால் சொல்ல ஆளில்லை. நான் பட்டதைச் சொல்கிறேன். சரியான போன் கிடைத்த பிறகு பட்டதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், அதையும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தறிக்குடோனுக்குள் யாரும் குரலால் பேசுவதில்லை. பேசினாலும் கேட்காது. வாயை மட்டும் அசைப்போம், கூடவே கை. பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) தீர்ந்துவிட்டது, நூல் அறுந்துவிட்டது, டீ வந்தாச்சு, உன் மாமனார் வந்து நிற்கிறார், எல்லாவற்றுக்கும் உதடும் விரலும் போதும். அந்தக் கோடியில் நிற்பவன் அடித்த கிண்டலுக்கு இந்தக் கோடியில் சிரிப்போம். கல்யாணமான புதிதில் என் மனைவி ருக்குமணியும் நானும் எதிரெதிர்த் தறியில் நின்றோம். எங்கள் முதல் சண்டையும் முதல் சமாதானமும் சத்தமே இல்லாமல் நடந்தவை.

அந்தப் பழக்கம் குடோனோடு நிற்கவில்லை. வீட்டிலும் சந்தையிலும் கல்யாண மண்டபத்திலும் எதிராளியின் உதட்டைப் பார்த்தே பேசினேன். பார்த்துப் படித்ததெல்லாம் எனக்குக் கேட்ட மாதிரியே இருந்தது. அதனால் காது போனது எனக்கே தெரியாமல் போயிற்று. போனில்தான் உதடு தெரியாது.

பிறகு காதிரைச்சல் வந்தது (வெளியே சத்தம் இல்லாதபோதும் காதுக்குள் ஓயாமல் கேட்கும் ஒலி). கரண்ட் போய்த் தறிகள் நின்றாலும் என் காதுக்குள் தறி ஓடியது. சோறு இறங்கவில்லை, எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தேன். ருக்குமணிதான் கோவைக்குக் கூட்டிப்போய்க் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் உட்கார வைத்தாள்.

சத்தம் புகாத சின்ன அறையில் ஒரு பெண் எனக்குப் பரிசோதனை செய்தார். காதுக் கேட்புத்திறன் பார்ப்பதற்கென்றே படித்தவர். எதிரே உட்கார்ந்து, நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். மரம், கிணறு, வண்டி, எல்லாவற்றையும் தப்பில்லாமல் சொன்னேன். எனக்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போகத் தயாரானேன். அப்போது அவர் ஒரு அட்டையை எடுத்துத் தன் வாய்க்கு முன்னால் வைத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. அட்டையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஆடியோகிராமைக் காட்டினார் (எந்த ஒலி எவ்வளவு கேட்கிறது என்று குறிக்கும் வரைபடம்). கோடு இடமிருந்து வலமாகச் சரிந்து பள்ளத்தில் விழுந்து கிடந்தது. உள்காதில் மயிரைவிட மெல்லிய இழைகள் இருக்கின்றன, அவைதான் ஒலியை நரம்புக்குக் கொடுக்கின்றன, தறிச் சத்தம் அவற்றைச் சாய்த்துவிட்டது என்றார். “சோளக்காட்டுல மாடு பூந்த மாதிரிதானுங்க. படுத்த பயிர் மறுக்கா எந்திரிக்காது. மிச்சம் நிக்கறதக் காப்பாத்திக்கலாம்.”

எத்தனை காலமாக இப்படி என்று கேட்டார். ஒன்றிரண்டு வருஷம் இருக்கும் என்றேன். அவர் என்னை விட்டு ருக்குமணியைப் பார்த்தார். அவள் தலை குனிந்தபடி, கவிதா பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்தே என்றாள். கவிதா எங்கள் ஒரே மகள். அப்போது அவள் கல்யாணமாகிப் பூனாவில் குடியிருந்தாள்.

பஸ்ஸில் வரும்போது கேட்டேன், இத்தனை வருஷம் ஒருத்தரும் ஏன் சொல்லவில்லை என்று. ருக்குமணி என் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து சொன்னாள்: “பெரியவங்களப் பாத்து உங்களுக்குக் காது கேக்கலீன்னு எப்படிங்க சொல்றது? நாங்கதான் உங்க மூஞ்சியப் பாத்துப் பேசப் பழகிக்கிட்டமே.”

எங்கள் ஊர் மரியாதை அப்படி. பெரியவர் முன்னால் குரலை உயர்த்தக்கூடாது, குறையை முகத்துக்கு நேரே சொல்லக்கூடாது. தம்பி, தம்பி மனைவி, தறியாட்கள், மாப்பிள்ளை எல்லோரும் எனக்கு எதிரே வந்து நின்று மெதுவாகவே பேசியிருக்கிறார்கள். அந்த மரியாதையில் நான் குளிர்ந்துபோய் இருந்திருக்கிறேன். ஒருத்தராவது மரியாதை கெட்டு, யோவ் செவிடா என்று கத்தியிருந்தால் காதில் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்.

அதைவிட இன்னொன்று உறுத்தியது. ருக்குமணியின் குரலை நான் கடைசியாகக் கேட்டது எந்த நாள்? கேட்பது நின்று படிப்பது தொடங்கியது எப்போது? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. செத்தவர்களுக்காவது திதி என்று ஒரு நாள் இருக்கிறது.

காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின் வந்தது. முதல் வாரம் நரகம். தட்டு வைக்கிற ஓசை, காகம், நானே அப்பளம் கடிக்கிற சத்தம், எல்லாம் மண்டைக்குள் இடித்தன. குடோனுக்குள் போகும்போது மெஷினைக் கழற்றிவிட்டுக் காதை அடைக்கும் தக்கையை வைத்துக்கொள்ள வேண்டும் என்று பரிசோதனைப் பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நீங்களும் தறியில், மில்லில், பட்டறையில் வேலை செய்பவராக இருந்தால் இன்றைக்கே தக்கை வாங்குங்கள். நான் வாங்கியது காடு மேய்ந்து முடிந்த பிறகு போட்ட வேலி.

ருக்குமணியின் குரலும் வந்தது. பஞ்சுத்தூசி அடைத்த, கொஞ்சம் கரகரத்த, வயதான குரல். என் நினைவில் இருந்தது வேறு. அவளிடம் சொல்லவில்லை. நன்றாகக் கேட்கிறது என்று மட்டும் சொன்னேன், அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நேருக்கு நேர் சரியாகிவிட்டது. போன் மட்டும் சரியாகவில்லை. மெஷினுக்குப் பக்கத்தில் ரிசீவரைக் கொண்டுபோனால் குக்கர் மாதிரி விசில் அடித்தது. மெஷினில் எம், டி என்று இரண்டு நிலை இருக்கும். எம் வெளிச் சத்தத்தை வாங்குவது. டி வைத்தால் வெளிச் சத்தம் அடைந்துவிடும், ரிசீவருக்குள் இருக்கும் காந்தத்தின் அதிர்வை மட்டும் மெஷின் பிடித்துப் பேச்சாக மாற்றும். இது பழைய கறுப்புப் போனில் நன்றாக வேலை செய்யும் என்றார்கள். எங்கள் வீட்டுக் கறுப்புப் போனைக் கொடுத்துவிட்டுத் துரைசாமி அப்போதுதான் பட்டன் வைத்த சிவப்புப் போன் வாங்கி வைத்திருந்தான். அதில் டி வைத்தால் சுடுகாடு மாதிரி அமைதி.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. என் மகளோடு நானே பேச வேண்டும். நூல் வியாபாரிகளைத் தம்பி பார்த்துக்கொள்வான்.

கவிதா ஞாயிற்றுக்கிழமைதோறும் பூனாவில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவாள். தம்பி குடும்பமும் நாங்களும் ஒரே வீடு, போன் இருவருக்கும் பொதுவான ஹாலில் இருந்தது. ருக்குமணி ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து நிற்பாள். கவிதா சொல்வதைச் சத்தமில்லாமல் உதட்டால் எனக்குச் சொல்லுவாள். நல்லா இருக்கறாளாமா. மாப்பிள்ளைக்கு வேலை ஜாஸ்தியாமா. அங்கே மழையாமா. நான் சொல்வதை அவள் போனில் சொல்லுவாள். இடையிடையே காலண்டர் மாட்டிய சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசுவாள். அம்மாவும் மகளும் பேச ஆயிரம் இருக்கும் என்று நான் பேப்பரை எடுத்துக்கொள்வேன்.

செல்போன் வாங்கப்போகிறேன் என்றதும் ருக்குமணி முகம் வாடியது. “அதெதுக்குங்க இப்ப? நாந்தான் எல்லாஞ் சொல்றனல்ல” என்றாள். செலவை நினைத்துச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.

கோவை ஒப்பணக்காரத் தெருவில் ரஹீம் பாய் என்று ஒருவர். கோட்டைமேட்டுக்காரர். கைக்கடிகாரம் விற்றுக்கொண்டிருந்தவர் கண்ணாடிப் பெட்டியில் பாதியைச் செல்போனுக்கு ஒதுக்கியிருந்தார். தம்பியும் நானும் போனோம். நல்ல சின்னதாக, கைக்கு அடக்கமாக ஒன்றைத் தம்பி தேர்ந்தெடுத்தான். பேசிப் பார்த்து வாங்குங்கள் என்று பாய் இன்னொரு போனைத் தம்பி கையில் கொடுத்தார். அவன் கடை வாசலில் இறங்கி நின்று பேசினான். நான் உள்ளே காதில் வைத்துக்கொண்டு நின்றேன். காதில் கொஞ்சம் இரைந்தது, ஆனால் அவன் சொன்னதெல்லாம் எனக்கு விளங்கியது. கேக்குதுங்களாண்ணா என்றான், கேக்குது என்றேன். ராத்திரிக்கு என்ன டிபன் என்றான், அதையும் சொன்னேன். உடனே பணத்தைக் கட்டிவிட்டோம்.

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். எனக்குப் புரியவில்லை. வாசலில் நின்றவன் என் முகத்தைப் பார்த்துத்தான் நின்றான், நடுவில் இருந்தது ஒரு கண்ணாடிக் கதவு. அட்டையை வைத்து அந்தப் பெண் சொல்லிக்கொடுத்த பிறகும், தறிக்காரன் தறிக்காரனைப் பார்த்தவுடனே கண் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. கண் படித்ததைக் காது கேட்டதாக நினைத்துக்கொண்டேன். சத்தியமாக, அவன் குரல் எனக்குக் கேட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கவிதா என் செல்போனுக்குக் கூப்பிட்டாள். தீப்பெட்டிக்குள் வண்டை அடைத்துக் காதில் வைத்த மாதிரி ர்ர்ர் என்று ஒரே இரைச்சல். டி வைத்தேன், இரைச்சல் இரண்டு மடங்கானது. அவள் பேசுகிறாள் என்பது தெரிந்தது, என்ன பேசுகிறாள் என்பது தெரியவில்லை. போனை ருக்குமணியிடம் நீட்டினேன். அவள் வாங்கிக்கொண்டாள். அவள் மூச்சை இழுத்துவிட்டதைப் பார்த்தேன், அதை வருத்தம் என்று நினைத்தேன்.

பரிசோதனைப் பெண்ணிடம் போனபோதுதான் விஷயம் விளங்கியது. செல்போன் தன் அலையைத் தொடர்ச்சியாக விடாமல் விட்டு விட்டுத் துடிப்பாக அனுப்புகிறதாம். காது மெஷின் அந்தத் துடிப்பைச் சத்தம் என்று எடுத்துக்கொண்டு பெருக்கிக் கொடுக்கிறது. சிக்னல் குறைவான இடத்தில் போன் அதிக பலத்தோடு கத்தும், அங்கே இரைச்சலும் அதிகம். ஆளுக்கு ஆள், மெஷினுக்கு மெஷின், போனுக்குப் போன் இது மாறும். அதனால் உங்கள் மெஷினை மாட்டிக்கொண்டுதான் வாங்கப் போக வேண்டும் என்றார்.

மறுபடியும் பாய் கடை. அவர் பழைய போனைத் திருப்பி எடுத்துக்கொள்ளக் கொஞ்சம் முகம் சுளித்தார், பிறகு எடுத்துக்கொண்டார். இந்தத் தடவை தம்பியைத் தெருமுனைக்கு அந்தப்பக்கம், என் கண்ணில் படாத இடத்துக்கு அனுப்பினேன். கேக்குதா, நல்லா இருக்கீங்களா என்று கேட்கக்கூடாது, அதையெல்லாம் காது கேட்காமலே சொல்லிவிடலாம் என்று எச்சரித்தேன். வாய்க்கு வந்த ஊர்ப் பெயரையும் எண்ணையும் கலந்து சொல்லச் சொன்னேன். போத்தனூர், ஏழு, சத்தியமங்கலம் என்று அவன் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்லுவேன். முதல் நாலைந்து போனில் வண்டு தவிர வேறு எதுவும் இல்லை. மடக்கித் திறக்கிற மாதிரி ஒன்றில், ஏரியலை முழுக்க வெளியே இழுத்தபோது இரைச்சல் குறைந்தது. காதைவிட்டு ஏரியல் எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு நல்லது. ஆனாலும் போத்தனூர் எனக்குக் கோத்தகிரியாகத்தான் விழுந்தது.

“போனைக் காதுல வெச்சாத்தானுங்ணா தொந்தரவு” என்றார் பாய். சிங்கப்பூரிலிருந்து வரும் அவருடைய மச்சான் ஒரு வயரைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொள்வது. அதன் நுனியைப் போனில் சொருகிவிட்டால் பேச்சு வயருக்கு வந்து காந்த அதிர்வாக மாறும், டி நிலையில் வைத்த மெஷின் அதை வாங்கிக்கொள்ளும். போனை ஒரு கை தூரத்தில் வைத்துவிடலாம். மச்சான் வரும்போது வாங்கி வரச் சொல்கிறேன் என்றார். அதை நம்பி அந்த மடக்குப் போனையே எடுத்துக்கொண்டேன்.

மச்சான் ஆடியில் வருவதாக இருந்து ஐப்பசியில் வந்தார். அந்த மாதங்களில் ருக்குமணி சரியாகவே பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் உதட்டால் சொல்வதும் சுருங்கிவிட்டது. நான் புது வயரைப் பற்றிக் கல்யாணப் பேச்சு மாதிரி பேசிக்கொண்டிருந்தேன்.

வயர் வந்தது. குடோனிலும் வீட்டிலும் டி வைத்தால் மோட்டாரும் டியூப்லைட்டும் காதில் முனகின. அதனால் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பொழுதோடு நான் மட்டும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சிங்காநல்லூர் குளத்துக் கரைக்குப் போனேன். அங்கே சிக்னலும் நன்றாக இருந்தது, மோட்டாரும் இல்லை. கவிதாவை இந்த நேரத்துக்குச் செல்போனுக்கே கூப்பிடச் சொல்லுங்கள் என்று மாப்பிள்ளை ஆபீசுக்குத் தம்பியை விட்டுப் போன் செய்து சொல்ல வைத்திருந்தேன். வயரைக் கழுத்தில் போட்டேன். போனை ஸ்கூட்டர் சீட்டின் மறு கோடியில் வைத்தேன். மணி அடித்தது.

வண்டு இல்லை. கண்ணாடி மாதிரி ஒரு குரல். முப்பது வயதிருக்கும் ஒரு பெண்ணின் நிதானமான குரல், கொஞ்சம் களைத்திருந்தது. அதை நான் முன்னே பின்னே கேட்டதில்லை.

“ஆருங்க பேசறது?” என்றேன்.

“நாந்தானுங்கப்பா. கவிதா” என்றாள்.

பள்ளிக்கூடப் பிள்ளையின் குரலைத்தான் நான் அவளுக்கு வைத்திருந்தேன். உதட்டைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் குரலை அதில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தப் பெண்மணியை எனக்குத் தெரியாது. என் மகளையே ‘ங்க’ போட்டு யாரென்று கேட்டிருக்கிறேன்.

அம்மாவிடம் கொடுங்கள் என்றாள். அம்மா இங்கே இல்லை, நீ சொல்வது எனக்கே கேட்கிறது என்றேன். நெசமாகவா என்றாள். பூனா, மழை, மாப்பிள்ளை என்று அவள் சொன்னதையெல்லாம் திருப்பிச் சொல்லிக் காட்டினேன், பரீட்சை ஒப்பிக்கிற மாதிரி. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அழுதாள். அழுகையும் எனக்குச் சுத்தமாகக் கேட்டது.

“அப்ப ஏனுங்கப்பா நீங்க வரல?” என்றாள்.

எங்கே என்று கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு என்றாள்.

அவளுக்கு இரண்டு முறை கரு கலைந்திருந்தது. இரண்டாவது ஐந்தாம் மாதத்தில். ரத்தம் நிற்காமல் ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்திருக்கிறாள். அப்பாவை வரச் சொல்லுங்க, அப்பாவைப் பார்க்கணும் என்று போனில் கேட்டிருக்கிறாள். நான் குளத்துக் கரையில் நின்றுகொண்டு நாளைப் பொருத்திப் பார்த்தேன். ருக்குமணி, கவிதா புது வீடு மாறுகிறாள், ஒத்தாசைக்குப் போய் வருகிறேன் என்று பூனாவுக்குப் போன சமயம் அது. போத்தனூரில் ரயிலேற்றிவிட்டு, மாப்பிள்ளைக்கு நிலக்கடலை கொடுத்தனுப்பியவன் நான்.

அதற்குப் பிறகு, எனக்கு மெஷின் வருவதற்கு முன்னால், ஒரு பொங்கலுக்குக் கவிதா வந்திருந்தாள். இளைத்திருந்தாள். அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டேன், ஆமாம் என்றாள். நான் பாவு நூல் விலையைப் பற்றிப் பேசினேன். அப்பாவே ஆரம்பிப்பார் என்று அவள் என் எதிரில் நான்கு நாள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். அப்பாவுக்கு எல்லாம் தெரியும், அவர் அதைப் பேசத் தாங்கமாட்டார் என்று ருக்குமணி அவளிடம் சொல்லி வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தபோது ருக்குமணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டாள். நான் கத்தவில்லை. கத்துவதற்குத்தான் ஸ்கூட்டரை வேகமாக ஓட்டி வந்தேன், அவளைப் பார்த்ததும் வரவில்லை.

“நீங்க பிரசர் ஏறிப் படுத்து எந்திரிச்ச நேரமுங்க. டாக்டரு அதிர்ச்சி ஆகாதுன்னு சொல்லிப்போட்டாரு. தேறுனதும் சொல்லிக்கலாம்னு இருந்துபோட்டனுங்க. அப்பறம் எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னு தெரியல” என்றாள்.

ஹாலில் நின்று பேசிய போன் ஆகையால் தம்பிக்கும் அவன் மனைவிக்கும் தெரிந்திருக்கிறது. என் வீட்டில் ரகசியம் பேச யாரும் தனி அறைக்குப் போக வேண்டியதில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும். காலண்டர் சுவரைப் பார்த்து ருக்குமணி பேசிய ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நினைவுக்கு வந்தது. நான் அப்போது என்ன பேப்பர் படித்தேன் என்பது நினைவில்லை.

அவள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபத்துக்கு நடுவே இன்னொன்றும் தெரிந்தது. மகளின் துக்கத்தைக் காதில் வாங்கி, அதே நேரம் எனக்கு எதிரே, நல்லா இருக்கறாளாமா என்று உதட்டை அசைக்க வேண்டும். ஒரே முகத்தில் இரண்டையும் செய்திருக்கிறாள். அழுவதற்கும் அவளுக்கு அந்தச் சுவர்தான்.

அந்த வாரமே நான் பூனாவுக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் இருந்தபோது போயிருக்க வேண்டியவன், வீட்டில் நன்றாக நடமாடும் பெண்ணைப் பார்க்கப் போனேன். கவிதா காபி போட்டுக் கொடுத்தாள். அவள் சமையலறைக்குள்ளிருந்து, முதுகைக் காட்டிக்கொண்டு பேசினாள். அவள் பேசுவது கேட்டது, என்ன என்பதில் பாதி விளங்கவில்லை. எழுந்துபோய்ப் பக்கத்தில் நின்றுகொண்டேன். தாமதமாக வந்தவன் செய்யக்கூடியது அவ்வளவுதான்.

காது மெஷினைப் பற்றி உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது இன்றிலிருந்து கேட்கும். நேற்றை அது கொடுக்காது. என் உடம்பில் கண்ணுக்கு ஒரு வயது, காதுக்கு ஒரு வயது. கண் எல்லா வருஷத்தையும் பார்த்திருக்கிறது, காதுக்கோ இடையில் பதினைந்து வருஷம் போல விட்டுப்போயிருக்கிறது. யாராவது பழைய சம்பவம் எதையாவது பேசினால், அதை நான் கேட்டேனா பார்த்தேனா என்று இப்போது யோசிக்கிறேன். பார்த்ததை மட்டும் நம்புவதற்குப் பயமாக இருக்கிறது.

போன் வாங்கப் போகிறவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பேசிப் பார்க்கும்போது பேசுகிறவர் உங்கள் கண்ணில் படவே கூடாது. சின்னப் போன், அழகுப் போன் என்று மயங்க வேண்டாம். சிக்னல் குறைந்த இடத்திலும் பேசிப் பாருங்கள். கழுத்து வயர் கிடைத்தால் விடாதீர்கள். இதெல்லாம் உங்கள் வீட்டில் ஒருவர் உங்களுக்காகக் கேட்டுச் சொல்லும் பழக்கம் ஊறிப்போவதற்கு முன்னால் நடக்க வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ருக்குமணியையும் ஸ்கூட்டரில் கூட்டிக்கொண்டு குளத்துக் கரைக்குப் போயிருந்தேன். வயரில் வருவது என் மெஷினுக்கு மட்டும்தான் கேட்கும். அவள் என் எதிரே நின்றாள். கவிதா முதலில் வேறு என்னென்னவோ பேசினாள். பிறகு சொன்னாள்.

“மறுக்கா முயற்சி பண்றது உசிருக்கே ஆபத்துன்னு டாக்டரு சொல்லிட்டாங்கப்பா. இனி வேண்டாம்னு நாங்க முடிவு பண்ணிட்டமுங்க. அம்மாகிட்ட நீங்களே சொல்லிருங்க. எனக்குச் சொல்ல முடியாதுங்க.”

சரி கண்ணு, உன் உடம்புதான் முக்கியம், நான் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். லைன் கட்டாயிற்று.

கவிதாவுக்குக் கல்யாணமானதிலிருந்து ஒரு பேரக்குழந்தை வர வேண்டும் என்று ருக்குமணி வேண்டாத கோயில் இல்லை. இப்போது கண் இமைக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க சொல்றா?” என்றாள்.

என் உதடு தானாகத் திறந்தது. நல்லா இருக்கறாளாமா என்று சொல்லத்தான் திறந்தது. முதல் எழுத்துக்கு நாக்கு மேலே போய்விட்டது. ருக்குமணியும் தறியில் நின்றவள். பாதி எழுத்தே அவளுக்குப் போதும். அவள் முகம் மாறுவதைப் பார்த்து நான் நிறுத்திக்கொண்டேன். இத்தனை வருஷம் ஞாயிற்றுக்கிழமைதோறும் அவள் நின்ற இடம் எதுவென்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

உண்மையைச் சொன்னேன். தறி எதுவும் ஓடாத அந்தக் கரையில், எதிரெதிர்த் தறியில் நின்ற காலத்தைப் போல, உதட்டால் மட்டும் சொன்னேன். கவிதா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அவள் கடைசிவரை என் வாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முடிந்ததும் அவள் கிட்டே வந்து என் கழுத்திலிருந்து வயரைக் கழற்றி, சிக்கில்லாமல் சுற்றி, தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.